பக்கத்து வீட்டுச் சந்தேக நாடகத்திற்கு ஒரு பொருள் தேவை

அனைவருக்கும் வணக்கம். பிரெஞ்சு நாடகாசிரியர் மோலியேர் 1660-இல் பாரிசில் அரங்கேற்றிய 'ஸ்கனரேல்' என்னும் ஓரங்க நகைச்சுவை நாடகத்தை, சென்னிமலை நெசவாளர் தெரு ஒன்றில் நடப்பதாக மாற்றி, எங்கள் ஊர்ப் பொங்கல் விழாவில் மேடையேற்ற எண்ணியுள்ளோம்.

மூலத்தில், காதலனின் சிறு உருவப்படத்தை வைத்திருந்த பெண் தெருவில் மயங்கி விழுகிறாள். அவளைத் தாங்கிப் பிடிக்கும் பக்கத்து வீட்டுக்காரரை அவருடைய மனைவி சன்னலிலிருந்து பார்த்துச் சந்தேகப்படுகிறார். கீழே கிடந்த படத்தை அந்த அம்மாள் எடுத்து வியந்துகொண்டிருக்க, பின்னால் வந்து நிற்கும் கணவரோ படத்திலிருப்பவன் தன் மனைவியின் கள்ளக்காதலன் என்றே முடிவுகட்டிவிடுகிறார். இத்தனைக்கும் யாரும் எந்தத் தவறும் செய்யவில்லை!

என் சிக்கல் அந்தப் படம்தான். கைப்பேசி என்றால் பூட்டியிருக்கும். பாஸ்போர்ட் அளவுப் படத்தை யாரும் அப்படி மெச்சமாட்டார்கள், மூலத்தில் மனைவி முதலில் மெச்சுவதே அதன் வேலைப்பாட்டைத்தான். கைமாறும்போது கடைசி வரிசைக்கும் தெரியக்கூடிய, நம் பக்கத்திற்குப் பொருந்தும் பொருள் எதுவெனச் சொல்லுங்கள்.

பழிவாங்கப் போர்க்கவசம் பூண்டு வரும் கணவர், எதிராளியைக் கண்டதும் அஞ்சி, அது மழைக்காக அணிந்தது என்று சமாளிக்கும் இடத்திற்குப் பவானி ஜமக்காளத்தைச் சுற்றிவிடலாம் என்றிருக்கிறேன்.

இன்னொன்றையும் பெரியவர்கள் தெளிவுபடுத்த வேண்டும்: சண்டையின் உச்சத்திலும் மனைவி 'ஏனுங்க மாமா' என்றே பேசுவாரா, அல்லது அந்த 'ங்க' அப்போது உதிர்ந்துவிடுமா?