புது இசட் (-z) ஆப்ஷனுக்கு மேனுவல் பக்கம்: யாராவது பார்த்துச் சொல்லுங்க

திருநகர்த்தம்பி:
கிட் (கோடு மாற்றங்களைப் பதிவு வைக்கிற மென்பொருள்) கூட ஓட எங்க குழு எழுதின துணைக் கமாண்ட், அமைப்பு மதிப்புகளையும் மாறின ஃபைல்களையும் பட்டியல் போடும். இதுவரை வரிக்கு ஒண்ணா ‘சாவி=மதிப்பு’. இப்ப ஸ்கிரிப்ட் எழுதுறவங்களுக்காக இசட் ஆப்ஷன் சேர்த்திருக்கேன். ஃபைல் பேரெல்லாம் மேலூர், உசிலம்பட்டின்னு தமிழ்லதான். மேனுவல்ல எழுதினது இவ்வளவுதான்:

“இசட்: வெளியீட்டை நிரல்கள் படிக்க ஏற்ற வடிவில் தரும். பதிவுகள் நல் பைட்டால் பிரிக்கப்படும்.”

போதுமாண்ணே?

கூடல்நகர்:
போதாது தம்பி. மூணு பதிவு வந்தா நல் (மதிப்பு 0 ஆன பைட்) ரெண்டா, மூணா? ‘பிரிக்கப்படும்’னா ரெண்டுன்னு ஒருத்தர் எடுத்துக்குவார். மாறின ஃபைல்களைக் காட்டுற கிட் ஸ்டேட்டஸ், அமைப்புகளைக் காட்டுற கிட் கான்ஃபிக் ரெண்டும் இசட் கொடுத்தா கடைசிப் பதிவுக்குப் பின்னாலயும் நல் போடும். நீங்க போடலேன்னா பாஷ்ல (கமாண்ட்களை ஓட்டுற ஷெல்) பதிவு பதிவா வாங்குற ரீட் கமாண்டை வச்சு ஓட்டுற வைல் லூப் கடைசிப் பதிவைச் சத்தமில்லாம விட்டுரும், ஏன்னா முடிவு பைட் கிடைக்காத ரீட் தோல்வின்னு திரும்புது. “ஒவ்வொரு பதிவும் நல் பைட்டுடன் முடியும்”னு எழுதுங்க. பைட்டுகளைக் காட்டுற ஓடி மைனஸ் சி (od -c) வழியா வெளியீட்டை விட்டு, கடைசியில \0 இருக்கான்னு பார்த்துட்டு எழுதுங்க.

அடுத்தது, சாவிக்கும் மதிப்புக்கும் நடுவுல என்ன? இன்னும் ‘=’ தானா? கிட் கான்ஃபிக் இசட்ல அங்க புதுவரி வரும். சாவிக்குள்ள வர்ற துணைப்பிரிவுப் பேர்ல ‘=’ வரலாம், புதுவரி வர முடியாது; அதான் காரணம். மதிப்பே இல்லாத சாவிக்கு அந்தப் புதுவரியும் வராது. வெற்று மதிப்பு வேற, மதிப்பே இல்லாதது வேற. உங்க பக்கத்துல இதைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையே.

வைகைக்கரை:
ஃபைல் பேர் விஷயம் இன்னும் பெருசு. சாதா வடிவத்துல கிட் 0எக்ஸ்80க்கு மேல உள்ள பைட்டை எல்லாம் எண்மத்துல (எட்டடிமான எண்ணா) மாத்தி மேற்கோளுக்குள்ள போடும். ‘ம’ வந்தா "\340\256\256". ‘மதுரை’ 15 பைட், அதாவது மேற்கோள் நீங்கலா 60 எழுத்து! இசட் கொடுத்தா மேற்கோளும் இல்ல, மாற்றமும் இல்ல, பேர் அப்படியே வரும். உங்க பயனர்களுக்கு இந்த ஆப்ஷன் தேவைப்படுறதே இதுக்காகத்தான், அதைப் போய் எழுதாம விட்டிருக்கீங்க.

பேர் மாத்தின ஃபைல் எந்த வரிசையில வருதுன்னும் சொல்லணும். கிட் ஸ்டேட்டஸோட பழைய போர்சலின் வடிவத்துல (ஸ்கிரிப்ட் படிக்கிறதுக்கான வெளியீடு), இசட் போட்டா புதுப் பேர் முதல்ல, பழசு பின்னால. சாதா வடிவத்துக்கு நேர் தலைகீழ். அதே வரிசையை வைக்கணும்னு கட்டாயம் இல்ல, எதுவா இருந்தாலும் எழுதிருங்க.

திருநகர்த்தம்பி:
சரிண்ணே. கிட்டோட குவோட்பாத் (ஃபைல் பேரை இப்படி மாத்திக் காட்டணுமான்னு சொல்ற) அமைப்பை ஃபால்ஸ் ஆக்கினாலே தமிழ் தெரியுதே, அப்ப இசட் எதுக்குன்னு ஒருத்தர் கேட்டார்.

வைகைக்கரை:
அது 0எக்ஸ்80க்கு மேல உள்ள பைட்டை மட்டும் விட்டுக்கொடுக்கும். பேர்ல இரட்டை மேற்கோளோ பேக்ஸ்லாஷோ டேபோ இருந்தா மறுபடி மேற்கோள்தான். மனுசன் திரையில பார்க்க அது போதும், ஸ்கிரிப்ட்டுக்கு ஆகாது.

கூடல்நகர்:
உதாரணம் ஒண்ணு கட்டாயம் போடுங்க. வெளியீட்டை டாலர் அடைப்புக்குள்ள, அதாவது $(...) உள்ள, வச்சு மாறியில வாங்குற மாதிரி மட்டும் காட்டிராதீங்க. பாஷ் நல் பைட்டை எல்லாம் தூக்கிப்போட்டுப் பதிவுகளை ஒட்டிரும். பைப் போட்டு, நல்லை வச்சுப் பிரிச்சு வேற கமாண்டுக்குக் கொடுக்கிற எக்ஸ்ஆர்க்ஸ் மைனஸ் 0 (xargs -0), இல்லேன்னா பதிவுகளைப் பட்டியலா வாங்குற, பாஷ் 4.4லிருந்து உள்ள மேப்ஃபைல் மைனஸ் டி (mapfile -d). அப்புறம், பக்கத்து மேல உள்ள சினாப்சிஸ்லயும் (கமாண்டை எப்படி எழுதணும்னு காட்டுற பகுதி) மைனஸ் எச் (-h) கொடுத்தா வர்ற உதவியிலயும் இசட் ஒரே மாதிரி இருக்கணும். கிட்ல இதைச் சரிபார்க்கவே டி0450ன்னு தனி டெஸ்ட் இருக்கு.