அப்டேட்: செஞ்சிக்கு குதிரையில போயிட்டு வந்தாச்சு

செஞ்சிக்கு குதிரையில போகணும், ஜிஎஸ்டி ரோடா உள்வழியான்னு இங்க கேட்டிருந்தேன்ல, உள்வழிதான் போனேன். தாம்பரம் டிராஃபிக்ல ஓட்டுறதெல்லாம் ஆகாதுன்னு செங்கல்பட்டு தாண்டுற வரைக்கும் குதிரையை குட்டியானை வண்டியில ஏத்திட்டுப் போயி, அங்கேருந்து உத்திரமேரூர், வந்தவாசி வழியா செஞ்சி.

ஒரு நாளைக்கு எவ்ளோ தூரம் போகும்னு கேட்டவங்களுக்கு, நடையா போனா மணிக்கு 6 கிலோமீட்டர் வரும், வெயில் ஏறுறதுக்குள்ள 25 ஓடிட்டா போதும், அதுக்கு மேல பேராசை. நிறைய பேர் சாப்பாட்டைப் பத்தியே கேட்டீங்க, கொள்ளு கிடக்கட்டும், தண்ணிதான் மெயின் மேட்டர். வெயில்ல நாளைக்கு 40 லிட்டர் கூட குடிக்கும், ஆனா ஊர் மாறி தண்ணி ருசி மாறினா மூக்கை வச்சுப் பாத்துட்டு திரும்பிக்கும். வந்தவாசி கிட்ட ஒரு மோட்டார் கொட்டாய்ல இதே கதைதான், அங்க இருந்த அம்மா "இருப்பா தம்பி"ன்னு துளி வெல்லத்தைக் கரைச்சு ஊத்துனாங்க, பக்கெட் காலி. தண்ணி கம்மியானா வயித்துவலி வந்துரும், குதிரையால வாந்தி எடுக்க முடியாது, அதான் பயமே.

அப்புறம் லாடம். தார் ரோட்டுல வழுக்கும், மண் ஓரமாவே போங்க, நிக்கிறப்பல்லாம் குளம்பைத் தூக்கி ஜல்லி மாட்டியிருக்கான்னு பாத்து நோண்டி எடுத்துருங்க. நாய்த்தொல்லை ஓரளவுக்குத்தான். திரும்பி வரும்போது வண்டியிலதான், அதுக்கு யாரும் திட்டாதீங்க.