ஊன்றுகோலை எந்தக் கையில் பிடிப்பது?

கேள்வி: ஏற்காட்டில் வசிக்கிறேன். வலது கணுக்காலின் மாவுக்கட்டைப் பிரித்தபின், ஊன்றுகோலை வலது கையிலேயே பிடித்து நடப்பதால் இடுப்பு வலிக்கிறது. வாசலில் கைப்பிடியில்லாத ஏழு கருங்கல் படிகள் வேறு இருக்கின்றன. எப்படி இறங்குவது?

பதில் 1: கோலை இடது கைக்கு மாற்றுங்கள். கோலும் அடிபட்ட காலும் ஒருசேர முன்னே சென்றால்தான் எடையில் ஒரு பங்கைக் கோல் தாங்கும். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால், கோலின் பிடி மணிக்கட்டு மடிப்பின் உயரத்தில் இருக்க வேண்டும்.

பதில் 2: ஏறும்போது நல்ல காலும், இறங்கும்போது கோலும் அடிபட்ட காலும் முந்த வேண்டும். சேலத்தில் என் மாமியார் வழுக்கி விழுந்ததற்குக் கோலின் அடி ரப்பர் மொழுக்கென்று தேய்ந்திருந்ததே காரணம்.

கேட்டவர்: திருப்பிப் பார்த்தேன், என் ரப்பரிலும் வரிகளே இல்லை. நாளையே மாற்றிவிடுகிறேன்.