சைக்கிள் ரேஸ் படங்கள் முக்கால்வாசி மங்கலாக வருகின்றன – கோளாறு லென்ஸிலா, செட்டிங்கிலா?

கடலோரச்சக்கரம்:
எல்லோருக்கும் வணக்கம். எங்கள் கிளப் போன ஞாயிறு ஈசிஆரில் ஒரு டைம் டிரையல் (ஒவ்வொருவராகத் தனியே கடிகாரத்தோடு போட்டி) வைத்தது. எனக்கு முட்டிவலி, ஓட்டவில்லை, சும்மாதானே இருக்கிறாய் படம் எடு என்று சொல்லிவிட்டார்கள். கையில் இருப்பது கேனன் 1500டி, கூடவே 18-55, 55-250 மில்லிமீட்டர் என்று இரண்டு லென்ஸ். முட்டுக்காடு தாண்டி ரோட்டோரம் நின்று, ஜூமை 250க்குத் தள்ளி, எதிரே வருகிறவர்களை எடுத்தேன். ஷட்டர் 1/320 நொடி, லென்ஸ் துளை எஃப் 5.6, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 400, நேரம் காலை ஏழு மணி வாக்கில். கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே பிரமாதமாக இருந்தது, வீட்டில் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால் முக்கால்வாசி தேறவில்லை, முகமெல்லாம் வெண்ணெய் தடவின மாதிரி இருக்கிறது. இதே லென்ஸில் அக்கா கல்யாணத்தில் எடுத்ததெல்லாம் கண்ணாடியாக வந்தது. லென்ஸைச் சர்வீசுக்குக் கொடுக்கணுமா? அடுத்த மாதம் ஏலகிரி மலையில் சைக்கிள் ஏற்றம் வருகிறது, அதற்குள் ஏதாவது வழி சொல்லுங்கள். புது லென்ஸ் வாங்கு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், வீட்டில் சைக்கிளுக்கே இன்னும் கணக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இருட்டறை:
சர்வீசுக்கெல்லாம் இப்போது ஓடாதீர்கள் தம்பி. முதலில் கெட்டுப்போன படம் ஒன்றை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி, முகத்தை விட்டுவிட்டு, படத்தில் வேறு எங்கேயாவது தெளிவாக இருக்கிறதா என்று தேடுங்கள். ஆளுக்குப் பின்னாலோ முன்னாலோ உள்ள தார் ரோடு மணி மணியாகத் தெரிந்தால் ஃபோகஸ் தவறிவிட்டது. ரோடு, மரம் எல்லாம் தெளிவாக இருந்து ஆள் மட்டும் ஒரு பக்கமாக இழுபட்டிருந்தால் ஷட்டர் வேகம் போதவில்லை. மொத்தப் படமும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. மூன்றுக்கும் மருந்து வேறு வேறு, பார்க்காமல் ஐஎஸ்ஓவை ஏற்றுவதில் பிரயோஜனம் இல்லை. அப்புறம், ஃபோகஸ் எந்த மோடில் வைத்திருந்தீர்கள்?

கடலோரச்சக்கரம்:
பார்த்தேன் சார். பெரும்பாலானவற்றில் ஆளுக்குப் பின்னால் ஏழெட்டு அடி தள்ளி ரோட்டின் வெள்ளைக்கோடு அப்படியே பளிச்சென்று இருக்கிறது, அதில் ஒட்டியிருக்கும் மணல்கூடத் தெரிகிறது. சிலவற்றில் ஹெல்மெட்டும் மார்பும் சரி, முட்டியும் பாதமும் மட்டும் கலங்கியிருக்கின்றன. மோடு ஒன் ஷாட், ஃபோகஸ் புள்ளியைக் கேமராவே எடுத்துக்கொள்கிற மாதிரி இருந்தது.

இருட்டறை:
அப்படியென்றால் லென்ஸ் நிரபராதி. ஒன் ஷாட்டில் பட்டனைப் பாதி அழுத்தியதும் ஃபோகஸ் அந்தத் தூரத்திலேயே பூட்டிக்கொள்ளும், கல்யாண மேடையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு அது போதும். டைம் டிரையலில் ஒருவர் மணிக்கு 40 கிலோமீட்டரில் வந்தால் நொடிக்கு 11 மீட்டர். உங்கள் 250 ஜூமில், எஃப் 5.6ல், 20 மீட்டர் தள்ளி நிற்கிறவருக்குத் தெளிவு கிடைக்கிற ஆழம் மொத்தமே ஒன்றரை மீட்டருக்குள்தான். அதை அவர் நொடியில் எட்டில் ஒரு பங்குக்குள் கடந்துவிடுவார். நீங்கள் ஃபோகஸ் பூட்டி, ஒரு மூச்சு விட்டு அழுத்துவதற்குள் ஆள் அந்த இடத்தைத் தாண்டிவிட்டார், பூட்டிய இடத்தில் வெள்ளைக்கோடு மட்டும் மிச்சம்.

ஏஐ சர்வோவுக்கு மாற்றுங்கள், பட்டனைப் பாதி அழுத்திப் பிடித்திருக்கும்வரை ஃபோகஸ் ஆளைத் துரத்திக்கொண்டே இருக்கும். புள்ளியை நீங்களே தேர்ந்தெடுங்கள், நடுப்புள்ளி. 1500டியில் இருக்கும் ஒன்பது புள்ளிகளில் அதுதான் குறுக்கும் நெடுக்கும் பார்க்கிற வகை, மற்ற எட்டும் அந்த அளவுக்குப் பிடிக்காது. அதை ஜெர்சியின் மார்பிலோ பந்தய எண்ணிலோ வையுங்கள், ஹேண்டில்பாரில் வைத்தால் சில நேரம் பின்னால் இருக்கும் ரோட்டுக்குத் தாவிவிடும். ஜூமையும் 250லிருந்து 135 வாக்கில் இறக்கினால் அதே 20 மீட்டரில் ஆழம் நாலு மீட்டருக்கு மேல் கிடைக்கும், ஆள் சின்னதாக வந்தால் வெட்டிக்கொள்ளுங்கள், 24 மெகாபிக்சல் எதற்கு இருக்கிறது!

பின்சக்கரம்:
முட்டி கலங்குவதற்குக் காரணம் வேறு, அது ஷட்டர். 1/320ல் 40 வேகத்து ஆள் மூன்றரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறார். நேர் எதிரே வரும்போது அந்த நகர்வு அவ்வளவாகத் தெரியாது, ஆனால் மேலும் கீழும் போகிற பாதமும் முட்டியும் மாட்டிக்கொள்ளும். எதிரே வருகிறவருக்கு 1/1000, பக்கவாட்டில் போகிறவரை அப்படியே நிறுத்த 1/1600 அல்லது 1/2000. டயலை எம்மில் (ஷட்டரையும் துளையையும் நாமே வைக்கிற மேனுவல் மோடு) வைத்து, ஷட்டர் 1/1000, எஃப் 5.6, ஐஎஸ்ஓ ஆட்டோ என்று விட்டுவிடுங்கள், வெளிச்சம் மாறுவதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஐஎஸ்ஓ 1600, 3200 போனால் படத்தில் கொஞ்சம் மணல் தூவின மாதிரிப் புள்ளி விழும், விழட்டும், அதற்காக யாரும் உங்களைத் திட்டமாட்டார்கள்.

ஒரு வேடிக்கை கவனியுங்கள். ஓடுகிற சைக்கிளில் சக்கரத்தின் அடிப்பகுதி தரையைத் தொடும் இடத்தில் அந்தக் கணத்துக்கு நகர்வே கிடையாது, உச்சியிலோ சைக்கிளைப் போல இரண்டு மடங்கு வேகம். அதனால் நடுத்தர ஷட்டரில் கீழ்க்கம்பிகள் ஒவ்வொன்றாக எண்ணலாம் போலவும் மேல்கம்பிகள் புகையாகவும் வரும். அது கோளாறு இல்லை, எனக்கு அப்படி வந்தால்தான் பிடிக்கும். 1/4000 வைத்து எல்லாக் கம்பியையும் நிறுத்திவிட்டால் ஸ்டாண்டு போட்டு நிறுத்தின சைக்கிளில் ஆள் ஏறி உட்கார்ந்த மாதிரி ஆகிவிடுகிறது.

ரேண்டோ_ரமணி:
பேனிங் பற்றி யாரும் சொல்லவில்லையே? பக்கவாட்டில் போகிறவருக்கு 1/60 வைத்து, அவரோடு சேர்ந்து இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பிக்கொண்டே எடுத்தால் ஆள் நிற்பார், பின்னால் சவுக்குத்தோப்பு கோடு கோடாக ஓடும். அழுத்தியதும் திருப்புவதை நிறுத்திவிடக் கூடாது, எல்லோரும் தடுக்கி விழுவது அங்கேதான். முதல் நாள் 1/125ல் தொடங்கிக் கை பழகப் பழக இறங்குங்கள். பத்துக்கு ஒன்று தேறினாலே நல்லது, அதனால் முக்கியமான ஆள் வரும்போது இந்த விளையாட்டு வேண்டாம்.

ஈசிஆரில் நிற்கும் பக்கமும் முக்கியம் தம்பி. காலையில் வெயில் கடலிலிருந்து வருகிறது. மேற்கு ஓரத்தில் நின்று கடலைப் பார்த்து எடுத்தால் எல்லோரும் கரி உருவங்கள்தான், அது வேண்டுமென்றால் சரி, முகம் வேண்டுமென்றால் கடல் பக்க ஓரத்தில் சூரியனை முதுகில் வாங்கிக்கொண்டு நில்லுங்கள். மகாபலிபுரம் போகிறவர்கள் அந்தப் பக்கமாகத்தான் வருவார்கள், பக்கத்திலேயே கிடைப்பார்கள். ஒரே குறை, சங்கிலி இருக்கும் பக்கம் படத்தில் வராது, சைக்கிள்காரர்கள் அதற்கும் முகத்தைத் தூக்குவார்கள்.

விடிவதற்கு முன்னால் பிளாஷ் போடாதீர்கள். எதிரே வருகிறவர் கண் கூசினால் பள்ளம் தெரியாது. அதோடு பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) ஓட்டுகிறவர்கள் இருட்டில் போடும் மின்னும் அங்கியின் பட்டை அந்த வெளிச்சத்தை அப்படியே திருப்பி அடிக்கும், பட்டை வெள்ளையாக வெடித்து முகம் இருண்டுவிடும்.

கடலோரச்சக்கரம்:
இவ்வளவு விஷயம் இருக்கிறதா! சர்வோ, நடுப்புள்ளி, 1/1000 மாற்றிவிட்டு நேற்று மாலை ஓஎம்ஆர் சர்வீஸ் ரோட்டில் தம்பியை ஓட்டவிட்டுப் பார்த்தேன், பாதிக்கு மேல் தெளிவாக வந்தது. இப்போது இரண்டு சந்தேகம். ஒன்று, தொடர்ச்சியாக அழுத்தினால் கொஞ்ச நேரத்தில் கேமரா உறைந்துபோய் எடுக்கவே மறுக்கிறது. இரண்டு, ஏலகிரியில் எங்கே நிற்பது? வளைவின் வெளிப்பக்கம் நின்றால் ஆள் சாய்ந்து வருவது நன்றாக விழும் என்கிறான் நண்பன்.

பின்சக்கரம்:
உறைவதற்குக் காரணம் ரா ஃபைல், கேமரா பதப்படுத்தாமல் அப்படியே சேமிக்கிற பெரிய ஃபைல். உள்நினைவு நிரம்பியதும் கார்டில் எழுதி முடிக்கும்வரை காத்திருக்கும். ரேஸுக்குச் சின்னதாகச் சுருக்கிய ஜேபெக் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வேகமான கார்டு போடுங்கள். உங்கள் கேமரா நொடிக்கு மூன்று படம்தான், இரண்டு படத்துக்கு நடுவில் அந்த 40 வேகத்து ஆள் மூன்றரை மீட்டருக்கு மேல் போய்விடுவார், ஆகவே தடதடவென்று அழுத்துவதை நம்பாமல் இங்கே வரும்போது எடுப்பேன் என்று ஒரு இடத்தை முடிவு செய்து ஒரு தட்டு, இரண்டு தட்டு. இன்னொன்று, கேமரா கடிகாரத்தைப் போன் நேரத்தோடு சரி செய்துகொள்ளுங்கள். பிறகு நான் எட்டே கால் மணிக்குக் கடந்தேன், என் படம் எங்கே என்று கேட்கிறவர்களுக்குத் தேடிக் கொடுப்பது சுலபம்.

இருட்டறை:
வெளிப்பக்கம் வேண்டவே வேண்டாம். இறக்கத்தில் பிரேக் தவறினால் சைக்கிள் வந்து சேரும் இடம் அதுதான். உள்பக்கம், தடுப்புச்சுவருக்கு அப்பால், கேமரா வாரைக் கையில் சுற்றிக்கொண்டு நில்லுங்கள். 1999 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஆல்ப் டியூயஸ் மலை ஏற்றத்தில் முன்னணியில் போன இத்தாலிய வீரர் குவெரினி மீது, படம் எடுக்க நடுரோட்டுக்கு வந்த ரசிகர் ஒருவர் மோதிக் கீழே தள்ளினார், நல்லவேளை மனிதர் எழுந்து ஏறி அந்தக் கட்டத்தையே ஜெயித்தார். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. வ்யூஃபைண்டருக்குள் பார்க்கும்போது தூரம் தெரியாது, ஆள் பக்கத்தில் வந்தது தெரியாமலே ஒரு அடி முன்னால் வைத்துவிடுவோம்.

ரேண்டோ_ரமணி:
ஏலகிரிக்கு நான் சொல்கிறேன். பொன்னேரியிலிருந்து ஏறினால் 14 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது பெரும்பாலோர் வேகம் பத்துப் பன்னிரண்டைத் தாண்டாது, 1/500 போதும், சர்வோவும் திணறாது, வியர்வை மூக்கு நுனியில் தொங்குவதுவரை எடுக்கலாம். ஈசிஆரில் ஹெல்மெட்டைத்தான் எடுப்பீர்கள், இங்கேதான் முகம். அதனால் ஆரம்பக்காரர் யாராக இருந்தாலும் ஏற்றத்தில் போய் நில் என்பதுதான் என் கட்சி.

அங்கே தொல்லை வேறு மாதிரி. மரநிழலில் புள்ளி வெயில் விழும், முகத்தில் ஒரு கன்னம் வெள்ளை, ஒரு கன்னம் கறுப்பு, அதை எந்த மென்பொருளும் சரிசெய்யாது. முழு நிழலாக இருக்கும் இருபதடியைத் தேடிப் பிடியுங்கள், அல்லது முழு வெயில். நடுவாந்தரம் வேண்டாம். நாலைந்து வளைவு முடிந்ததும் நின்றால் கூட்டம் பிரிந்து ஒவ்வொருவராக வருவார்கள், ஒருவர் தலைக்குப் பின்னால் இன்னொருவர் தலை முளைக்காது. புலவர்கள், வள்ளல்கள் பெயரில் வளைவுப் பலகை இருக்கும், அதையும் ஓரத்தில் சேர்த்துக்கொண்டால் எந்த வளைவில் நாக்குத் தள்ளியது என்று அவரே கண்டுபிடித்துக்கொள்வார்.

கடலோரச்சக்கரம்:
முழு நிழல் எந்த வளைவில் என்று நினைவிருக்கிறதா அண்ணா?

ரேண்டோ_ரமணி:
நேரத்துக்கு நேரம் மாறும் தம்பி. முதல் நாள் அதே மணிக்கு ஸ்கூட்டரில் ஒரு தடவை ஏறிப் பார்த்துவிடுங்கள். எட்டு மணிக்கு மேல் பஸ்ஸும் காரும் ஏற ஆரம்பித்துவிடும், அதற்குள் இடம் பிடித்துவிட வேண்டும்.