'நான் யார்?' தாளில் சாதி, மதம், ஊர் எதுவும் வரவில்லை: கோளாறு எங்கே?

வேளிமலை:
குமரி மாவட்டத்தில் மூன்று தலைமுறையில் அடையாளம் எப்படி மாறியது என்பது என் முதுகலை ஆய்வு. நாகர்கோவிலில் ஒரு வகுப்பில் இருபது வாக்கியச் சோதனை ('நான் யார்?' என்ற கேள்விக்கு இருபது பதில் எழுதுவது) நடத்தியதில் "மாணவி", "மகள்", "பொறுமைசாலி" என்றுதான் வந்தது. சாதி, மதம், ஊர் ஏறக்குறைய இல்லை. அவையெல்லாம் கரைந்துவிட்டனவா? அடுத்து கேரள எல்லையிலுள்ள களியக்காவிளைப் பக்கம் போகிறேன், எதை மாற்றவேண்டும்?

தோவாளைப் பிச்சி:
கரைந்ததாக முடிவு கட்டாதீர்கள். சுற்றியிருப்பவர்களிடமிருந்து எதில் வேறுபடுகிறோமோ அதைத்தான் தானாகச் சொல்கிறோம். உளவியலாளர் வில்லியம் மெக்குவைர் 1970-களில் பள்ளிப் பிள்ளைகளிடம் கண்டது இது. குளச்சலில் எல்லோரும் கடற்கரைப் பிள்ளைகளாக இருக்கும் வகுப்பில் அதை எழுத யாருக்கும் தோன்றாது. அதே பையன் தக்கலையில் விடுதியில் இருந்தால் மூன்றாவது வரியிலேயே எழுதக்கூடும். ஆகவே வகுப்பில் எந்தப் பகுதியிலிருந்து எத்தனை பேர் என்பதையும், எந்த இடத்தில் நடத்தினீர்கள் என்பதையும் ஒவ்வொரு முறையும் குறித்துவையுங்கள். கோயில் மண்டபத்திலோ சர்ச் ஹாலிலோ உட்காரவைத்தால் மதம் மேலே ஏறும்.

இந்தச் சோதனையைக் குன், மெக்பார்ட்லண்ட் என்ற ஆய்வாளர்கள் 1954-இல் வெளியிட்ட முறை: இருபது வெற்று வரிகள், 12 நிமிடம், "உங்களுக்கு நீங்களே சொல்வதுபோல் மனதில் வரும் வரிசையில் எழுதுங்கள்". தாளின் தலையில் 'சமூக அடையாள ஆய்வு' என்று அச்சடித்திருந்தால் எடுத்துவிடுங்கள், அது பதிலை வளைக்கும். பதில்களை இரண்டு பேர் தனித்தனியே வகைபிரித்து ஒப்பிடவேண்டும். "மகள்" யாருக்கும் விளக்கமில்லாமல் புரியும், "பொறுமைசாலி" அப்படியல்ல. முதல் வகை பொதுவாக முன்னால் வந்து தீர்ந்தபிறகே இரண்டாவது தொடங்கும், அதனால் வரி எண்ணையும் பதியுங்கள்.

களியக்காவிளையில் தமிழ், மலையாளம் இரண்டும் படிக்கத் தெரிந்தவர்களை மட்டும் எடுத்து, எந்த மொழித் தாள் யாருக்கு என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பாதிப்பாதியாகக் கொடுங்கள். பிடித்த மொழியை எடுத்துக்கொள்ளச் சொன்னால், பதில் மாறியது மொழியாலா வீட்டாலா என்று பிரிக்கவே முடியாது.

கல்குளத்தான்:
பிச்சி அக்கா சொன்னது சரி, ஆனால் அந்தத் தாள் எழுதிய நாளை மட்டுமே காட்டும். மூன்று தலைமுறை வேண்டுமென்றால் மக்கள் செய்ததைப் பாருங்கள். இங்கே அடையாளம் மாறியது உடையிலும் வழிபாட்டிலும் சொத்திலும் எல்லையிலும். அய்யா வைகுண்டர் சாமித்தோப்பில் ஆண்களைத் தலைப்பாகை கட்டி வழிபடச் செய்தார். 1859-இல் சாணார் (இன்றைய நாடார்) பெண்கள் மேலாடை அணிய திருவிதாங்கூர் அரசாணை வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்களைப்போல் அணியக்கூடாது என்ற தடை இருந்தது. நாஞ்சில் நாட்டு வேளாளரிடம் மருமக்கள்வழி சொத்துமுறை (மாமன் சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போவது) 1926 சட்டத்தால் மாறத் தொடங்கியபோது, ஒருவன் எந்தக் குடும்பத்தான் என்பதே புதிதாக எழுதப்பட்டது. 1956 நவம்பர் 1-இல் அகத்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்காரர்கள் வீடு மாறாமலேயே திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து சென்னை மாநிலத்துக்கு மாறினார்கள்.

குடும்பத்துக்கு மூன்று தலைமுறைக் கல்யாணப் பத்திரிகைகளைச் சேகரியுங்கள். சாதிப்பெயர், வீட்டுப்பெயர், மொழி, திருமணம் நடந்த இடம், அழைப்பவர் யார் என்று ஐந்து கட்டம் போதும். பழைய காலத்தில் வசதியுள்ளவர்களே அச்சடித்தார்கள். வெற்றிலைபாக்கு வைத்து அழைத்த வீடுகள் விடுபடாமலிருக்க, பள்ளி டி.சி., நிலப்பத்திரம் இரண்டையும் சேருங்கள். 1956-க்கு முந்திய பத்திரங்கள் பலவும் மலையாளத்தில் இருக்கும், படிக்க ஆள் வேண்டும். தேதி கொல்லம் ஆண்டில் (மலையாள ஆண்டுக்கணக்கு) இருந்தால், ஆங்கில ஆண்டு கிடைக்க ஆவணிப் பிறப்பிலிருந்து டிசம்பர் முடிய 824-ம், ஜனவரி முதல் ஆடிக் கடைசிவரை 825-ம் கூட்டவேண்டும். இதைக் கவனிக்காததால் ஓராண்டு பிசகிய அட்டவணைகள் நிறைய.

வேளிமலை:
மிக்க நன்றி அண்ணா, அக்கா. தாளின் கடைசியில் சாதி என்ன என்று நேராகக் கேட்டுவிடலாமா?

தோவாளைப் பிச்சி:
இருபது வரியும் எழுதி, தாளைத் திருப்பி வாங்கியபிறகு தனிச்சீட்டில் கேளுங்கள், விருப்பமிருந்தால் மட்டும். இரண்டையும் இணைக்க ஒரே எண் போதும், பெயர் வேண்டாம். அட்டவணையில் ஐந்து பேருக்குக் குறைவான கட்டங்களை வேறு கட்டத்தோடு இணைத்துவிடுங்கள். சின்ன ஊரில் "இந்தச் சாதி, பெண், நர்ஸ்" என்று மூன்று விவரம் வந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.