பழைய 121 ஒயில் குடிக்குது: எஞ்சினைத் திறக்கிறதா, ஊத்தி ஊத்தி ஓடுறதா?

உவர்மலை_121:

வணக்கம். வாகனம் டொயோட்டா கொரோலா 121, 2004 மொடல், 1என்இசட் எஞ்சின், ஓட்டோ கியர். மீற்றரில 287,000 கி.மீ. ஒயில் மாத்தி 900 கி.மீ. ஓடினால், திரும்ப மேல் கோட்டுக்குக் கொண்டுவர ஒரு லீட்டர் அளவில ஊத்த வேண்டிக் கிடக்கு. நிறுத்துற இடத்தில சொட்டு இல்லை. காலையில ஸ்டார்ட் பண்ணினால் ரெண்டு மூண்டு செக்கனுக்கு நீலப் புகை, பிறகு ஒண்டும் தெரியாது. டவுன் ஓட்டம்தான் கூட, மாதத்துக்கு ஒருக்கா கொழும்பு.

ஒரு கராஜில றிங் (பிஸ்டனைச் சுத்தி இருக்கிற வளையம்) போயிட்டுது, எஞ்சினை இறக்கோணும் எண்டினம். இன்னொண்டில தடிச்ச 20டபிள்யூ-50 ஒயில் ஊத்தச் சொல்லினம். மூண்டாவது இடத்தில ஜப்பானில இருந்து வாற பாவிச்ச எஞ்சின் மாத்தச் சொல்லினம். விக்கிற யோசனை இல்லை. 2025 பெப்ரவரியில இறக்குமதி திறந்தாலும் இருக்கிற வரிக்கு வேற கார் எண்டது கனவுதான். எதை முதல் பாக்கிறது?

சாம்பல்தீவு_ஸ்பானர்:

முதல்ல அந்த ஒரு லீட்டர் கணக்கு சரியா எண்டு பாருங்கோ தம்பி. 1என்இசட்டுக்கு பில்டரோட சேத்து 3.7 லீட்டர்தான் கொள்ளளவு. கடையில வாறது 4 லீட்டர் கான். மிச்சம் 300 மில்லியை என்ன செய்யிறது எண்டு சேர்விஸ்காரர் கானை முழுசாக் கவிழ்த்து விடுவினம். மேல் கோட்டைத் தாண்டி நிக்கிற ஒயில் கெதியா இறங்கும், அதையும் நீங்கள் எஞ்சின் குடிச்ச கணக்கில போடுவீங்கள். அளவு இன்னும் கூடினால் கிராங்க் (பிஸ்டன்கள் சுத்துற அடித் தண்டு) அடிச்சு நுரையாக்கி, பிசிவி வால்வ் (எஞ்சினுக்குள்ள சேருற வாயுவை வெளிய விடுற வால்வ்) வழியா இன்டேக்குக்கு, அதாவது காத்து உள்ள போற வழிக்கு, அனுப்பி எரிக்கும்.

அளக்கிறதுக்கு ஒரே இடம், சமதரை. உவர்மலை ஏத்தத்தில நிப்பாட்டி அளந்தால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு கதை சொல்லும். எஞ்சின் சூடானதும் நிப்பாட்டி 10 நிமிஷம் விட்டு, டிப் ஸ்டிக்கைத் துடைச்சு, திரும்பக் குத்தி எடுத்துப் பாருங்கோ. சரியா மேல் கோட்டில நிக்க வைச்சுக் கி.மீ.யை எழுதுங்கோ. 500 ஓடி, அதே இடத்தில அதே கோட்டுக்கு நிரப்புங்கோ. அளவுக் குவளை இல்லாட்டி, ஊத்த முதலும் பிறகும் கானை வீட்டுத் தராசில வையுங்கோ. ஒரு லீட்டர் ஒயில் 860 கிராம் அளவில நிக்கும்.

ஒழுக்கு விஷயத்தில நிலத்தை மட்டும் நம்பாதீங்கோ. ஒரு லீட்டருக்கு ஏறக்குறைய 20,000 சொட்டு. ராவில பத்துச் சொட்டு விழுந்தால் அது அரை மில்லி, கணக்கிலயே வராது. மறுவளமா, நிக்கேக்க காய்ஞ்சு கிடக்கிற ஒயில் பிரஷர் சுவிச், ஓடேக்க பிரஷரில பீச்சும். அடிப்பக்கத்தைக் கழுவி, 100 கி.மீ. ஓடி, டோர்ச் அடிச்சுப் பாக்க வேண்டிய இடங்கள்: டெப்பெட் கவர் (எஞ்சின் மேல் மூடி) கஸ்கட், முன்பக்கச் செயின் கவர் ஒட்டு, கிராங்க் முன் சீல், கியர்பொக்ஸ் சேருற இடம், பிரஷர் சுவிச், பிறகு கீழ்ச் சம்ப் (அடியில ஒயில் தங்கிற தட்டு). கடற்கரைப் பக்கம் ஓடுற வண்டிகளில அந்தத் தகரச் சம்ப் உப்புக்கு அரிச்சு ஊசி ஓட்டை விழும், பெயின்ட் கொப்பளிச்சிருந்தால் சந்தேகப்படுங்கோ. பிளக்குக்கு மேல இருக்கிற கொயிலைக் கழட்டி பிளக் குழிக்குள்ளயும் எட்டிப் பாருங்கோ. அங்க ஒயில் நிண்டால் குழாய் சீல் போயிட்டுது எண்டு அர்த்தம், றிங்குக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.

அடுத்தது பிசிவி வால்வ். டெப்பெட் கவரில முறுக்கி இருக்கும், மற்ற அந்தம் ஹோஸால இன்டேக் மனிபோல்டுக்குப் போகும். கழட்டி, சுத்தமான ஹோஸ் துண்டு ஒண்டைப் போட்டு எஞ்சின் பக்கத்தால ஊதினால் காத்து லேசாப் போகோணும். மனிபோல்ட் பக்கத்தால ஊதினால் கஷ்டப்பட்டுத்தான் போகோணும். வாயை வைச்சு உறிஞ்சாதீங்கோ, உள்ளுக்கு இருக்கிறது நஞ்சு. திறந்தபடி இறுகினால் ஒயிலை நேர இன்டேக்குக்கு இழுக்கும். மூடினபடி இறுகினால் உள்ளுக்குப் பிரஷர் ஏறி எல்லாச் சீலாலயும் தள்ளும். கழுவி மினக்கெடாமல் புதுசு போடுங்கோ, எஞ்சினிலயே மலிவான சாமான்களில ஒண்டு. ஹோஸ் உள்பக்கம் இத்துப் போயிருந்தால் அதையும் மாத்துங்கோ.

பிளக் நாலையும் கழட்டி ஒழுங்கு மாறாமல் அடுக்கிப் படம் போடுங்கோ. ஈரமா, மினுக்கமாக் கறுத்தால் ஒயில். காய்ஞ்ச கரி எண்டால் பெற்றோல் கூடுதலாப் போகுது. ஒரு பிளக் மட்டும் ஈரம் எண்டால் தேடுற இடமும் ஒண்டுதான்.

கிண்ணியா_நானா:

ஸ்பானர் சொன்னதை எல்லாம் முடிச்சிட்டு வாங்க. அதுக்குள்ள 20டபிள்யூ-50 ஊத்திராதீங்க. இந்த எஞ்சின்ல செயின் டென்ஷனரும் விவிடி-ஐயும் (வால்வ் திறக்கிற நேரத்தை மாத்துற அமைப்பு) ஒயில் பிரஷர்லதான் வேலை செய்யும். காலையில தடிச்ச ஒயில் மேல ஏறச் சுணங்கும், செயின் சத்தம் போடும். விவிடி-ஐ சொலனொய்ட் மெதுவாகும், செக் எஞ்சின் லைட்டும் வரலாம். இறுகின ஒயில் றிங்கைத் தடிச்ச ஒயில் விடுவிக்காது, புகையைக் கொஞ்ச நாளைக்கு மறைக்கும், அவ்வளவுதான். கம்பெனி சொல்றது 5டபிள்யூ-30. நம்மட வெக்கைக்கும் இந்த மைலேஜுக்கும் 10டபிள்யூ-30, மிஞ்சினா 10டபிள்யூ-40. ஏபிஐ எஸ்என் அல்லது எஸ்பி தரம், சீல் உடையாத கான்.

புகை வாற நேரத்தைக் கவனிங்க. ராவெல்லாம் நின்ற வண்டி காலையில ஒரு கொத்துப் புகை விட்டு நின்றா, அல்லது சிக்னல் லைட்ல அஞ்சு நிமிஷம் ஐட்ல்ல நின்டு எடுக்கக்குள்ள விட்டா, வால்வ் சீல். ரப்பர் கல்லாகிப் போய், மேல நிக்கிற ஒயில் வால்வ் தண்டால வடிஞ்சு இறங்குது. கந்தளாய் ரோட்ல 90ல போகக்குள்ள, அல்லது மிதிச்சு ஓவர்டேக் பண்ணக்குள்ள பின்னுக்கு வாற வண்டிக்காரன் முகத்தைச் சுழிச்சா, றிங். ரெண்டும் சேர்ந்தும் இருக்கலாம், 287,000க்கு அதுல புதினமில்லை. எமிஷன் பாஸ் ஆகுது என்டு ஆறுதல் படாதீங்க. பெற்றோல் வண்டிக்கு அங்க அளக்கிறது காபன் மொனொக்சைட்டும் ஹைட்ரோகாபனும், ஒயில் செலவை இல்லை.

கொம்பிரஷன் (சிலிண்டருக்குள்ள ஏறுற அமுக்கம்) பார்க்கச் சொல்லுங்க. எஞ்சின் சூடு, நாலு பிளக்கும் வெளியில, கொயில் கனெக்டரும் இன்ஜெக்டர் கனெக்டரும் கழட்டி, அக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சபடி, பெற்றரி நல்லா சார்ஜ் இருக்கணும். 1என்இசட்டுக்கு 213 பிஎஸ்ஐ, குறைஞ்சது 156, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 14க்கு மேல வரக்கூடாது. பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு இன்னொருக்கா. நல்லா ஏறினா மேல் றிங் அல்லது சிலிண்டர் தேய்வு.

இதுலதான் கன கராஜ் பிழை விடுது. கொம்பிரஷன் நல்லா இருக்கு, ஆகவே றிங் நல்லம் என்டு முடிவெடுத்துருவாங்க. கொம்பிரஷனைப் பிடிக்கிறது மேல ரெண்டு றிங். ஒயிலை வழிக்கிறது மூன்டாவது. அது காபன் ஏறி இறுகி, பின்னுக்கு இருக்கிற வடிகால் துவாரமும் அடைஞ்சா கேஜ் அழகாக் காட்டும், ஒயில் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

நிலாவெளி_றோட்:

ரெண்டு பேருக்கும் மரியாதையோட, ஒரு சின்ன மறுப்பு. ஆயிரம் கி.மீ.க்கு ஒரு லீட்டர் வரைக்கும் ஏற்றுக்கொள்ளலாம் எண்டு கைநூலிலயே எழுதுற கம்பெனிகள் இருக்கு. வருஷத்துக்கு 18,000 கி.மீ. ஓடினால், உங்கட 900க்கு ஒண்டு எண்ட கணக்கில 20 லீட்டர், அஞ்சு கான். எஞ்சினை இறக்கிற கூலியையும் சாமானையும் கேட்டு, எத்தனை வருஷத்து ஒயில் எண்டு பிரிச்சுப் பாத்திட்டு முடிவெடுங்கோ. 

ஊத்தி ஓடுறதெண்டால் ஒழுங்கா ஊத்தோணும். ஒவ்வொரு முறை பெற்றோல் அடிக்கேக்கையும் டிப் ஸ்டிக், டிக்கிக்குள்ள எப்பவும் ஒரு லீட்டர். மீற்றரில இருக்கிற சிவப்பு ஒயில் லைட் பிரஷருக்குத்தான், அளவுக்கு இல்லை. வளைவில அது ஒருக்கா மினுங்கினாலே சம்ப் வத்திப்போச்சு, பெயாரிங்குக்குப் பாதிப்பு தொடங்கியிருக்கும். ராவில ஹபரணைக் காட்டுக்குள்ள லைட் எரிஞ்சால் பொனற் திறக்க யானை விடாது, ஆகவே கொழும்புக்கு வெளிக்கிட முதலே பாருங்கோ. இன்னொண்டு, "புது ஒயில் ஊத்திக்கொண்டுதானே இருக்கிறன்" எண்டு சேர்விஸைத் தள்ளாதீங்கோ. பில்டர் பழசு, அடியில கிடக்கிற அழுக்கும் பழசு. 5,000க்கு மாத்தத்தான் வேணும்.

இதுக்கு ஒரு விலை இருக்கு. எரியிற ஒயில்ல உள்ள பொஸ்பரஸ் கற்றலிக் கொன்வேர்ட்டரைக் கெடுக்கும், ஒட்சிசன் சென்சரிலயும் படியும்.

உவர்மலை_121:

எல்லாருக்கும் நன்றி. அளந்தாச்சு. ஸ்பானர் அண்ணா சொன்ன மாதிரியே கானை முழுசா ஊத்தியிருக்கினம். சரியா நிரப்பி 500 கி.மீ. ஓடினதில 400 மில்லி, அதாவது 1,250க்கு ஒரு லீட்டர். பிசிவி ரெண்டு பக்கமும் லேசா ஊதுது, புதுசு போட்டாச்சு. கொம்பிரஷன் 182, 180, 176, 181. ஒயில் விட்டால் ஏழெட்டுத்தான் ஏறுது. 3ஆம் பிளக் ஈரம், மற்றது காய்ஞ்ச மண்ணிறம். ஹைவேயில பின்னால வந்த ஆள் புகை ஒண்டும் காணேல்லை எண்டார். இனி?

சாம்பல்தீவு_ஸ்பானர்:

இதுக்கு எஞ்சின் இறக்கத் தேவையில்லை. மேல் றிங் நல்லம். பிசிவிக்குப் பிறகு இன்னொரு 500 அளவுங்கோ, பாதிப் பிரச்சினை அதோட போயிருக்கும். மிச்சம் காலைப் புகையும் 3ஆம் பிளக்கும். வால்வ் சீல்தான் முதல் சந்தேகம்.

சீல் மாத்த ஹெட்டைக் கழட்டத் தேவையில்லை. பதினாறு சீல், இன்டேக்குக்கு ஒண்டு எக்ஸோஸ்டுக்கு ஒண்டு எண்டு ரெண்டு வகை, மாறக்கூடாது. 1ஆம் சிலிண்டரை டிடிசியில (பிஸ்டன் உச்சியில நிக்கிற இடம்) நிப்பாட்டி, செயினுக்கும் ரெண்டு கியருக்கும் பெயின்ட் குறி போட்டு, டென்ஷனரைத் தளர்த்தி, செயினைக் கம்பியால மேல கட்டிப் போட்டுத்தான் கேம் (வால்வைத் திறக்கிற தண்டு) கழட்டோணும். செயின் கீழ விழுந்தால் முன் கவரையும் கழட்ட வேண்டி வரும், அரை நாள் வேலை ரெண்டு நாளாகும். ஸ்பிரிங்கை அமத்தேக்க வால்வ் உள்ளுக்கு விழாமல் இருக்க, பிளக் துவாரத்தால 6 பார் அளவில காத்து விடலாம். கொம்பிரசர் இல்லாட்டி எங்கட ஊரில நைலோன் கயிறுக்கா பஞ்சம்? 8 மி.மீ. கயிறு, அந்தத்தை உருக்கி, பிஸ்டன் கீழ நிக்கேக்க ஒன்றரை மீற்றர் அளவில உள்ளுக்குத் திணிச்சு, மற்ற அந்தத்தை வெளியில விட்டு, கிராங்கைக் கையால மெதுவாச் சுத்தினால் கயிறு வால்வை மேல அமத்திப் பிடிக்கும். ஒண்டும் நாலும் சேந்து ஏறும், ரெண்டும் மூண்டும் சேந்து ஏறும், ஆகவே ஒவ்வொரு சோடியா முடிக்கலாம். சுத்தேக்க இன்னொராள் செயினை இழுத்துப் பிடிக்கோணும்.

கிளிப்பைக் காந்தத்தால எடுங்கோ. புதுச் சீலுக்கு ஒயில் தடவி, பொக்ஸ் சாவியால நேராத் தட்டி இறக்குங்கோ. கிராங்கைத் திரும்ப டிடிசிக்குக் கொண்டுவந்துதான் கேம் வைக்கிறது. கேம் கப் போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமா, நடுவில இருந்து வெளிப்பக்கமா இறுக்குங்கோ, ஒரு பக்கம் மட்டும் இறுக்கினால் கேம் வெடிக்கும். ஸ்டார்ட் பண்ண முதல் கிராங்கை ரெண்டு முழுச் சுத்துக் கையால சுத்திக் குறி பாருங்கோ.

கிண்ணியா_நானா:

சீலுக்குக் கை வைக்க முன்னுக்கு, ஒருக்கா பிஸ்டன் ஊற வைங்க தம்பி. செலவு குறைவு, 3ஆம் சிலிண்டர்ல ஒயில் றிங் இறுகியிருந்தா அதுலயே தெரியவரும். நாலு பிஸ்டனும் நடு உயரத்துல, அதாவது டிடிசில இருந்து கால் சுற்று. காபன் கரைக்கிற கிளீனர் ஒவ்வொன்றுக்கும் 40 மில்லி, ராவு முழுக்க விட்டு, இடைக்கிடை கிராங்கைக் கையால முன்னும் பின்னும் கொஞ்சம் ஆட்டுங்க. காலையில மிச்சத்தை சிரிஞ்சால உறிஞ்சி எடுத்து, பிளக் இல்லாம, துவாரத்துக்கு மேல சீலை போட்டு ஸ்டார்ட்டரைச் சுத்துங்க. கொயிலும் இன்ஜெக்டரும் கழட்டியே இருக்கணும். திரவம் உள்ளுக்கு நிக்க பிளக்கைப் பூட்டிச் சுத்தினா கொனெக்டிங் றொட் வளையும். கிளீனர் சம்புக்கும் இறங்கியிருக்கும், ஆகவே ஸ்டார்ட் பண்ண முன்னுக்கே ஒயிலும் பில்டரும் புதுசு. முதல் பத்து நிமிஷம் ஊரையே புகைக்கும், வெளியில செய்யுங்க, பக்கத்துல நெருப்பு கூடாது. அடுத்த ஒயிலை 3,000லயே மாத்துங்க.

கடையில விக்கிற பத்து நிமிஷ பிளஷ் வேணாம். 287,000 கி.மீ. படிஞ்ச களியை ஒரேயடியா உரிச்சு ஒயில் பம்ப் வலையில கொண்டுபோய் அடைக்கும்.

றிங்தான் என்டு முடிவானா ரெண்டு விஷயம். இந்த புளொக் அலுமினியம், உள்ளுக்கு மெல்லிய இரும்பு லைனர், 75 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்). டொயோட்டா இதுக்கு ஓவர்சைஸ் பிஸ்டன் குடுக்கிறதில்லை. ஆகவே போர் பண்ணுவம், அதாவது சிலிண்டரைக் கடைஞ்சு பெருசாக்குவம் என்டு யாராவது சொன்னா கேள்வி கேளுங்க. போர் அளந்து சரியா இருந்தா லேசா ஹோன் அடிச்சு (உள்சுவரை உரைஞ்சு) புது றிங், அதோட பிஸ்டன்ல இருக்கிற ஒயில் துவாரங்களைத் தோண்டித் துப்புரவாக்கணும். அதை விட்டுட்டு றிங் மட்டும் போட்டா ஒரு வருஷத்துல திரும்ப இதே கேள்வி கேப்பீங்க.

ஜப்பான் எஞ்சின் என்டா வாங்க முன்னுக்குக் கடையில வைச்சே கொம்பிரஷன் பாருங்க, டெப்பெட் கவர் மூடியைத் திறந்து உள்ளுக்குக் கறுப்புக் களி இருக்கா என்டும் பாருங்க. எஞ்சின் இலக்கம் மாறுது, ஆகவே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துல பதிஞ்சு புத்தகத்துல திருத்தணும். கடை ரசீதைத் தொலைச்சிராதீங்க.

உவர்மலை_121:

சரி நானா, ஊற வைக்கிறது இந்தச் சனிக்கிழமை. கழட்டின ஒயிலில கிளீனரும் கலந்திருக்குமே, அதை என்ன செய்யிறது?

சாம்பல்தீவு_ஸ்பானர்:

பழைய கானில ஊத்தி மூடி, சேர்விஸ் ஸ்டேஷனில பழைய ஒயில் சேக்கிற பீப்பாவுக்குக் குடுங்கோ, கிளீனர் கலந்தது எண்டு சொல்லிக் குடுங்கோ. வேலிக் கதியாலுக்கு ஊத்தினால் கிணத்துக்குத்தான் வரும். கானில ஊத்த முதல் காந்தம் ஒண்டை அந்த ஒயிலுக்குள்ள விட்டுப் பாருங்கோ. மாத் தூள் மாதிரி ஒட்டினால் பரவாயில்லை, மினுங்குற செதில் வந்தால் படம் எடுத்து இங்க போடுங்கோ, அதுவரை சீல் வாங்காதீங்கோ.