நினைத்த நேரத்தில் சாப்பாடு: பிசினஸ் கிளாஸ் பயணிகளின் அனுபவப் பகிர்வு

மூன்றாம் வரிசை:

சென்ற மாதம் அலுவலக வேலையாக, ஒன்பது மணி நேரம் பறக்கும் இரவு விமானம் ஒன்றில் பிசினஸ் கிளாசில் பயணம் செய்தேன். மெனு அட்டையின் முதல் பக்கத்திலேயே, விரும்பியதை விரும்பிய நேரத்தில் சாப்பிடலாம் என்று அழகாக அச்சிட்டிருந்தார்கள். அதற்கு முந்தைய இரண்டு இரவுகளும் எனக்குச் சரியான தூக்கம் இல்லை. ஆகவே ஆர்டர் எடுக்க வந்த பணிப்பெண்ணிடம், "இப்போது எதுவும் வேண்டாம், எழுந்த பிறகு சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும் இருக்கையைப் படுக்கையாக்கிப் போர்வைக்குள் புகுந்துவிட்டேன்.

கண் விழித்தபோது, தரையிறங்க ஒரு மணி ஐம்பது நிமிடம் இருப்பதாகத் திரை காட்டியது. நல்ல பசி. பொத்தானை அழுத்தி மீன் கேட்டேன்; தீர்ந்துவிட்டது என்றார்கள். கோழியும் இல்லை. பாஸ்தா ஒன்றுதான் எஞ்சியிருந்தது, அதுவும் சூடாகி வர இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. நான் இரண்டாவது வாய் எடுப்பதற்குள் மற்றவர்களுக்குக் காலை உணவு வரத் தொடங்கியது. என் மேசையின் ஒரு பக்கம் இரவுச் சாப்பாடும் மறுபக்கம் பழத் தட்டும் தயிரும் இருக்க, எதை முதலில் முடிப்பது என்று தெரியாமல் இரண்டையும் பாதியில் விட்டேன். பணிப்பெண்ணைக் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர் உண்மையாகவே வருந்தினார். ஆனால் அட்டையில் அச்சிட்டிருந்ததற்கும் எனக்குக் கிடைத்ததற்கும் இடையே இவ்வளவு தூரம் எப்படி வந்தது என்பது எனக்குப் புரியவில்லை. இந்த வசதியைப் பயன்படுத்தியவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் அடுத்த பயணத்துக்கு உதவியாக இருக்கும்.

பழைய பர்சர்:

கேபின் பணியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்து, அதில் பிற்பாதியைப் பர்சராக, அதாவது கேபின் பணியாளர்களின் தலைவராகக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். உங்களுக்கு நேர்ந்தது எனக்கு மிகவும் பழக்கமான கதை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில், இரண்டு வேறு வசதிகளைப் பயணிகள் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று, எதைச் சாப்பிடுவது என்பதை முன்கூட்டியே தேர்ந்தெடுப்பது; சிங்கப்பூர் ஏர்லைன்சின் 'புக் தி குக்' அந்த வகையைச் சேர்ந்தது, குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். மற்றொன்று, எப்போது சாப்பிடுவது என்பதை விமானத்திலேயே முடிவு செய்வது. கத்தார் ஏர்வேசின் பிசினஸ் கிளாசில் நடப்பது இந்த வகை. நீங்கள் பயன்படுத்தியது இரண்டாவது வசதி. ஆனால் அது முதல் வசதியையும் சேர்த்தே தரும் என்று நம்பிவிட்டீர்கள்.

நாற்பது பயணிகளுக்கு மூன்று வகை உணவு என்றால் நூற்றிருபது தட்டுகள் ஏற்றுவார்கள் என்று நினைக்காதீர்கள். நாற்பதுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஏறும். எந்த வகை எத்தனை என்பதை அந்த வழித்தடத்தின் பழைய கணக்கைப் பார்த்துக் கேட்டரிங் பிரிவு முடிவு செய்யும். யார் பெயருக்கு எதிரே என்ன எழுதப்பட்டதோ அது அவருக்கு ஒதுக்கப்பட்டுவிடும். "பிறகு சொல்கிறேன்" என்றவருக்கு எதுவும் ஒதுக்கப்படாது. கடைசியில் எஞ்சுவதே அவருடையது. ஆகவே உணவை அப்போதே சொல்லிவிட்டு நேரத்தை மட்டும் தள்ளி வைத்திருந்தால், அந்த மீன் உங்களுக்காகக் குளிர்ப் பெட்டியில் காத்திருந்திருக்கும்.

இன்னொன்று சூடாக்கும் முறை. விமானத்தில் உள்ள சமையலிடத்தை நாங்கள் கேலி என்போம் (வேலை மிகும் வேளைகளில் தமிழ்ப் பொருளும் அதற்குப் பொருந்தும்). அங்கே சமைப்பதில்லை. தரையில் சமைத்து, உடனே குளிரவைத்து, 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே வைத்திருந்த உணவை ஓவனில் வைத்துச் சூடாக்குவதோடு சரி. பெரும்பாலானவற்றுக்கு இருபது நிமிடத்துக்குக் குறையாமல் பிடிக்கும். ஒருமுறை சூடாக்கியதைத் திரும்பக் குளிரவைத்து மறுபடி சூடாக்குவது உணவுப் பாதுகாப்புக்கு ஒவ்வாது. நீங்கள் எப்போது எழுவீர்கள் என்று தெரியாதபோது, உத்தேசமாக அதைச் சூடாக்கி வைக்கப் பணியாளருக்கு வழியில்லை. எல்லோருக்கும் ஒரே வேளையில் பரிமாறினால் ஓவனை நிரப்பி இரண்டு சுற்றில் முடித்துவிடலாம். ஆளுக்கொரு நேரம் என்றால் ஒரு தட்டுக்காக ஓர் ஓவன், அதற்குக் காவலாக ஒருவர். அதுவும் நீண்ட பயணங்களில் பாதிப் பணியாளர்கள் முறைவைத்துத் தூங்கப் போய்விடும் நேரத்தில்!

எங்களிடம் இருக்கை வரைபடம் அச்சிட்ட தாள் ஒன்று கேலியின் சுவரில் ஒட்டியிருக்கும். அதில் ஒவ்வொரு கட்டத்திலும் பால்பாயின்ட் பேனாவால் உணவின் சுருக்கெழுத்தும், பக்கத்தில் எழுப்ப வேண்டுமா வேண்டாமா என்பதும் எழுதுவோம். இப்போது டேப்லெட் வந்துவிட்ட நிறுவனங்களும் உண்டு. எதுவானாலும், "தரையிறங்க மூன்று மணி நேரம் இருக்கும்போது மீன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் அவருடைய கட்டம் நிரம்பிவிடும், எங்களுக்கும் நிம்மதி. இறங்குவதற்கு அரை மணி நேரத்துக்கு முன் டிராலிகளும் பெட்டிகளும் பூட்டப்பட்டாக வேண்டும் என்பதால், கடைசி ஒன்றரை மணி நேரத்தில் முழுச் சாப்பாடு கேட்பது இரு தரப்புக்கும் இடைஞ்சல்தான்.

இந்த ஏற்பாடே படுக்கையோடு சேர்ந்து வளர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் பிசினஸ் கிளாசிலேயே முழுமையாக நீட்டிப் படுக்கும் இருக்கையைக் கொண்டுவந்தது; மற்ற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. படுக்க இடம் கிடைத்தவுடன் பயணிக்குச் சாப்பாட்டைவிடத் தூக்கம் பெரிதாகிவிட்டது. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் தூங்குபவரை எழுப்பாமல் விட்டால் ஏன் எழுப்பவில்லை என்று சண்டைக்கு வருவார்கள். ஓய்வு பெறும்போது ஏன் எழுப்பினாய் என்று கேட்டார்கள்.

சாளரத்தின் மகள்:

பர்சர் ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. எனக்கு இந்த வசதி சொகுசாக இல்லாமல் தேவையாகவே அமைந்த பயணம் ஒன்றைச் சொல்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை நோய். சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்பவர். நேர மண்டலங்கள் மாறும்போது அவருடைய கடிகாரமும் விமானத்தின் கடிகாரமும் ஒத்துப்போவதே இல்லை. சர்க்கரை நோயாளிகளுக்கான சிறப்பு உணவை முன்பதிவு செய்திருந்தோம். டிக்கெட்டில் அது டிபிஎம்எல் என்ற நான்கெழுத்துக் குறியீடாகத் தெரியும்.

விமானத்தில் ஏறியவுடனேயே தலைமைப் பணியாளரிடம் அப்பாவின் நிலையைச் சொல்லி, எங்கள் கைக்கடிகாரத்தின் நேரப்படி எட்டரை மணிக்கு உணவு வேண்டும் என்று கேட்டேன். அவர் ஒரு நொடி யோசித்து, "எட்டேகாலுக்கு நானே வந்து சொல்கிறேன், அதுவரை ஊசி போடவேண்டாம்" என்றார். தட்டு கண்முன் வந்த பிறகே ஊசி என்பதை மருத்துவரும் எங்களுக்குச் சொல்லியிருந்தார். அது எவ்வளவு சரி என்று அன்றே தெரிந்தது. எட்டரை மணிக்குத் திடீரென்று விமானம் குலுங்க ஆரம்பித்து, பணியாளர்கள் எல்லோரும் இருக்கையில் அமர்ந்து பெல்ட் போட்டுக்கொள்ள, பரிமாறுதல் நாற்பது நிமிடம் நின்றுபோனது. எட்டேகாலுக்கே ஊசி போட்டிருந்தால் கைப்பையில் இருந்த பிஸ்கட்டை நம்பியிருக்க வேண்டியதுதான். குலுக்கல் நின்றதும் அவர் முதலில் கொண்டுவந்தது அப்பாவின் தட்டைத்தான். முழுவதும் ஒரே மூச்சில் வேண்டாம் என்று அப்பா சொன்னபோது, பழத்தையும் ரொட்டியையும் எடுத்து வைத்திருந்து, மூன்று மணி நேரம் கழித்து மறக்காமல் கொண்டுவந்து கொடுத்தார்.

திரும்பி வந்தபோது நிலைமை வேறு. முதல் விமானம் தாமதமானதால் எங்களை வேறொரு விமானத்துக்கு மாற்றினார்கள். இருக்கை மாறியது, பெட்டிகள் மாறின, சிறப்பு உணவு மட்டும் மாறி வரவில்லை. கவுன்டரில் கேட்டபோது, புறப்பட இரண்டு மணி நேரமே இருப்பதால் இனி ஏற்ற முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். சாதாரண மெனுவிலிருந்து பொறுக்கி எடுத்து அப்பாவுக்குக் கொடுத்தேன். விமானம் மாறினால் சிறப்பு உணவின் குறியீடு புதிய டிக்கெட்டில் இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரவு ரயில்:

ஆறரை மணி நேர இரவுப் பயணங்களில் நான் விமானத்தில் சாப்பிடுவதே இல்லை. ஏறும் முன் லவுஞ்சில் முழுச் சாப்பாட்டை முடித்துவிட்டு, காலை உணவும் வேண்டாம் என்று முன்னதாகவே சொல்லிவிட்டால் ஐந்து மணி நேரமாவது தூங்கலாம். லண்டன், நியூயார்க் இடையிலான இரவு விமானங்களில் இப்படிச் செய்பவர்கள் ஏராளம்.

கடைசி மாற்றுக் கருத்து:

நான் இந்த ஏற்பாட்டுக்கு எதிரானவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டு ஒன்றாக விளக்கணைத்த காலத்தில் கேபினில் ஓர் ஒழுங்கு இருந்தது. போன முறை நள்ளிரவு தாண்டி எல்லோரும் தூங்கும் வேளையில் எதிர் இருக்கைக்காரர் முழு விருந்து கேட்டார். மேசையை இழுக்கும் ஓசை, கத்தியும் முள்கரண்டியும் தட்டில் உரசும் ஓசை, அதற்கு மேல் பூண்டு மணம். அவர் முடித்து முக்கால் மணி நேரம் கழித்து மற்றொருவர் தொடங்கினார். அவர்கள் உரிமை அது என்றால் என் தூக்கமும் அதே டிக்கெட்டில்தானே வருகிறது?

அதோடு, காத்திருந்து வாங்கிய அந்த உணவில் பெரிய ருசியும் இருப்பதில்லை. எதற்காக இவ்வளவு பாடு என்று எனக்கு விளங்கவில்லை.

பழைய பர்சர்:

ஓசை பற்றிய உங்கள் வருத்தம் நியாயமானது. நாங்கள் இரவில் கனமான தட்டுகளைத் துணி விரித்துத்தான் வைப்போம், ஆனால் சாப்பிடுபவரின் கையை நாங்கள் பிடிக்க முடியாது.

ருசி விஷயத்தில் மட்டும் பழியைச் சமையல்காரர் மேல் போடாதீர்கள். பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம், 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருக்கும் அளவுக்குத்தான் வைக்கப்படுகிறது. ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே போய்விடுவதால் மூக்கு உலர்ந்து மணம் பிடிபடாது. ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் 2010 வாக்கில் லுஃப்தான்சாவுக்காக, தரையிலேயே விமானத்தின் உடற்பகுதி ஒன்றை அழுத்தக் குறைவான அறைக்குள் வைத்து மக்களைச் சாப்பிடவைத்துச் சோதித்தது. உப்பும் இனிப்பும் நாவில் மங்கிப்போவதை அங்கே கண்டார்கள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 92 முதல் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், தேநீர் சப்பென்று இருப்பதற்கு அதுவும் காரணம்.

நேரம் தள்ளிச் சாப்பிடுபவர்கள் உணவைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம். குழம்பு போல ஈரத்தோடு இருப்பது எட்டு மணி நேரம் கழித்துச் சூடாக்கினாலும் தாங்கும். வறுத்த இறைச்சித் துண்டும் முட்டை ஆம்லெட்டும் தாங்காது. ஆம்லெட் அப்போது ரப்பர் போல ஆகிவிடும். நான் பயணியாகப் போகும்போது ஓரத்தில் குழம்பு இல்லாத எதையும் தள்ளிவைத்துச் சாப்பிடுவதில்லை.

மூன்றாம் வரிசை:

எல்லோருக்கும் நன்றி. நேற்று அதே வழித்தடத்தில், அதே நிறுவனத்தின் விமானத்தில் போய் வந்தேன் என்பதால் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஏறி உட்கார்ந்ததும் மெனு அட்டையைக் கேட்டு வாங்கி, தக்காளிச் சாறில் வேகவைத்த கோழியைத் தேர்ந்தெடுத்து, "தரையிறங்க மூன்றரை மணி நேரம் இருக்கும்போது எழுப்பிவிடுங்கள், காலை உணவு வேண்டாம், காப்பி மட்டும் போதும்" என்று சொன்னேன். பணியாளர் சின்னக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, அதைத் திரும்ப எனக்குப் படித்தும் காட்டினார். இதற்கு முன் யாரும் எனக்கு அப்படிப் படித்துக் காட்டியதில்லை. நானும் படித்துக் காட்டும் அளவுக்கு எதையும் சொன்னதில்லை.

தோளைத் தொடாமல், தலைமாட்டில் இருந்த சிறு விளக்கை மட்டும் போட்டு எழுப்பினார்கள். கேபின் முழுவதும் இருட்டு. மேசையில் விரித்த வெள்ளைத் துணியின் மேல் அந்த விளக்கின் வட்டம் மட்டும் விழுந்திருக்க, முதலில் சூப் வந்தது. கோப்பையில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் இருந்தது. குறைத்துக் கொடுத்துவிட்டார்களோ என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே விமானம் லேசாக ஆட, சூப் ஒரு பக்கமாக ஏறி விளிம்பைத் தொட்டுவிட்டு இறங்கியது. கோழி வந்தபோது ஓரத்தில் நிறையக் குழம்பு இருந்தது. மாற்றுக் கருத்து நண்பரை நினைத்துக்கொண்டு, முள்கரண்டியைத் தட்டில் படாமல் பிடித்தே சாப்பிட்டு முடித்தேன். பக்கத்து இருக்கைக்காரர் அசையக்கூட இல்லை.